டாக்டர் சுப்பாராவும் பழச்சர்க்கரை வழக்கும்

இராயப்பேட்டையிலுள்ள எங்கள் இல்லத்தில் சென்ற கோடை விடுமுறையில் ஒரு வழக்கு எழுந்தது. வாதி என் பாட்டியார். பிரதிவாதி என் தாய்மாமன். வழக்கிற்கு உரிய பொருள் ஒரு சிறு டப்பா.

பாட்டியார் பல்லாண்டுகளாக நீரிழிவு நோயினர். சீனியை விலக்குமாறு மருத்துவர் பணித்த நாள்தொட்டு அதனைக் கையாலும் தீண்டாது, காப்பியில் கருப்பட்டியும், காலை வெந்நீரில் இரண்டு கரண்டித் தேனும் கலந்து பருகி வந்தார்கள். கருப்பட்டியும் தேனும் இயற்கை தந்தனவாகலின் அவை தீங்கிழையா என்பது அவர்கள் கொள்கை. மாமன் கொணர்ந்த டப்பாவிலோ பிரக்டோஸ் என்னும் பழச்சர்க்கரை இருந்தது. இரத்தத்திலுள்ள சர்க்கரையின் அளவை அஃது விரைந்து உயர்த்தாது. ஆதலின் நீரிழிவுக்காரர்க்கு ஏற்றது என்பது அவர் கட்சி. இருவர்க்கும் இடையே புகுந்த என் அத்தை, பழச்சர்க்கரையே நஞ்சென்றும், இனி மாம்பழமும் வாழைப்பழமுங்கூட வீட்டு வாயிலைத் தாண்டலாகாதென்றும் கூறினார். பின்னர் மூவரும் என்னை நோக்கினர். கல்லூரியிற் பயிலும் பிள்ளை தீர்ப்புச் சொல்லுதல் வேண்டும் என்பது அவர்கள் கருத்து. தொல்காப்பியமும் நன்னூலும் பயிலும் யான் இதற்கு யாது கூற வல்லேன்?

விடுமுறை கழிந்து கல்லூரி திறந்ததும், இரசாயனம் பயிலும் நண்பர் ஒருவரை அணுகினேன். அவர் தந்த நூல்களை இயன்றவரை பயின்றேன். அவற்றுள் ஒரு செய்தி என்னை வியப்பில் ஆழ்த்தியது. பழச்சர்க்கரையைப் பற்றிய வாதம் முழுவதும், நம் ஈரலினுள் நடக்கும் ஒரு வரவு செலவுக் கணக்கைப் பொறுத்திருக்கின்றது. அக்கணக்கைப் படிக்க உலகிற்குக் கற்பித்த இருவருள் ஒருவர், எங்கள் இராயப்பேட்டைக்கு அடுத்த திருவல்லிக்கேணித் தெருக்களிலே புத்தகமும் கையுமாய் நடந்த ஒரு மாணவர். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இருமுறை தவறியவர். அவர் வரலாற்றை நம் கல்லூரி நண்பர்கள் அறிதல் வேண்டும் என்னும் அவாவே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

இளமையும் கல்வியும்

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12ஆம் நாள் பீமவரத்தில் பிறந்தார். அவ்வூர் அக்காலத்தில் சென்னை இராஜதானியைச் சேர்ந்திருந்தது. இப்பொழுது ஆந்திர மாநிலத்தில் உளது. தந்தையார் ஜகந்நாதம் வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர், தாயார் வெங்கம்மா. மக்கள் எழுவர். ஊதியம் சிறிது, உண்ணும் வாய் பல. எனவே வறுமை அவ்வீட்டில் அழையா விருந்தாய் நிலைத்திருந்தது.

பதின்மூன்றாம் வயதில் சிறுவன் சுப்பாராவ் பொருள் ஈட்டக் கருதி வீட்டை விட்டு ஓடினான். காசிக்குச் சென்று, அங்கு வரும் யாத்திரிகர்க்கு வாழைப்பழம் விற்றுச் செல்வனாகலாம் என்பது அவன் திட்டம். தாயார் விடவில்லை, வழியிலேயே பிடித்துக் கொணர்ந்து மீண்டும் பள்ளியில் அமர்த்தினார். இராஜமகேந்திரத்திலே படித்த காலத்தில் நெருங்கிய உறவினரை நோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவனை வருத்திற்று. படிப்பு தடைப்பட்டது. ஈற்றில் சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்து, மூன்றாம் முறை எழுதிய பின்னரே மெட்ரிகுலேஷனில் தேறினான்.

அதன்பின் கடற்கரையிலுள்ள மாநிலக் கல்லூரியிலே இன்டர்மீடியட் வகுப்பு. அந்நாளில் அவர் உள்ளம் துறவை நாடிற்று; இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்து பணி செய்ய விரும்பினார். தாயார் உடன்படவில்லை. மடத்துப் பெரியோர் மருத்துவம் பயின்று ஏழைகட்கு உதவுமாறு வழிகாட்டினர். அவ்வாறே சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். செலவுக்கு நண்பர்களும் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்பாரும் உதவினர். இம்மூர்த்தியாரின் மகளார் சேஷகிரியையே அவர் பின்னர் மணந்தார்.

அக்காலம் காந்தியடிகளின் இயக்கம் நாடெங்கும் பரவிய காலம். சுப்பாராவ் கதராடை பூண்டார். அறுவைச் சிகிச்சை வகுப்பிற்கும் கதர் அங்கியோடே சென்றார். அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர்க்கு அது பிடித்திலது. எழுத்துப் பரீட்சைகளிலே நன்கு தேறியிருந்தும், முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டம் அவர்க்குக் கிட்டவில்லை. அதனிற் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிட்டிற்று. அரசாங்க மருத்துவப் பணியிலும் இடம் கிடைக்கவில்லை. சென்னையில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியிலே உடற்கூற்றுப் பாடம் சொல்லும் ஆசிரியரானார்.

இதற்கிடையே அவர் சகோதரர் இருவர், ஸ்ப்ரூ என்னும் தீராக் கழிச்சல் நோயினால் அடுத்தடுத்து மாண்டனர். அந்நோய் அவரையும் பற்றியது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையால் உயிர் தப்பினார். உண்ட உணவு உடலில் ஏன் ஒட்டுவதில்லை, குருதி ஏன் வற்றுகின்றது என்னும் வினாக்கள் அன்று அவர் நெஞ்சில் முளைத்தன. உணவு உடலினுட் புகுந்தபின் என்னாகின்றது என்பதை அளந்தறிதலே அவர் வாழ்நாட் பணியாயிற்று.

கடல் கடந்த வாழ்வு

அறச்சாலை ஒன்றன் உதவியும் மாமனார் திரட்டிய பொருளும் துணையாக, இருபதின் பிற்பகுதி வயதில் அவர் அமெரிக்கா சென்று பாஸ்டன் நகரை அடைந்தார். மனைவியாரை ஊரிலே விட்டுச் சென்றார். அவர் கப்பலேறிய பின் பிறந்த ஆண் மகவு ஓராண்டு நிறையுமுன்னே இறந்தது. தந்தை அம்முகத்தைக் கண்டிலர். விரைவில் மீளும் எண்ணத்தோடு சென்றவர் பின் ஒருபொழுதும் தாய்நாட்டிற்கு மீண்டிலர்.

ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் வெப்பநாட்டு நோய்கள் பற்றிய படிப்பில் இடம் கிடைத்தது; உதவிச் சம்பளம் கிடைக்கவில்லை. சென்னைப் பட்டத்தைக் கொண்டு அந்நாட்டில் மருத்துவத் தொழில் நடத்தவும் இயலாது. ஆகவே அருகிலிருந்த மருத்துவமனையிலே இரவு வேலையில் அமர்ந்தார். அவ்வேலை நோயாளிகளின் மலசலக் கலங்களைக் கழுவுதலும் அதனை ஒத்த ஏவல்களுமே. நோய் தீர்க்கக் கற்றவர் நோயாளியின் கலத்தைக் கழுவினார். அதனை இழிவென்று எண்ணினார் என்று நினைக்க அவர் வாழ்வில் யாதொரு சான்றுமில்லை.

பின்னர் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் உயிர் இரசாயனப் பகுதியிற் சேர்ந்து, சைரஸ் பிஸ்கே என்னும் ஆசிரியரின் கீழ் ஆராய்ச்சி தொடங்கினார்.

நீலநிறக் கணக்கு

இரத்தத்திலும் தசையிலும் பாஸ்பரஸ் எவ்வளவு உளது என்பதை அளத்தல் அந்நாளில் எளிதன்று. பழைய முறைகள் மெதுவாயும் பிழை மலிந்தும் இருந்தன. பிஸ்கேயும் சுப்பாராவும் 1925ஆம் ஆண்டில் ஒரு புதிய முறையை வெளியிட்டனர். ஆராயும் நீரோடு மாலிப்டிக் அமிலத்தைச் சேர்த்து, அதன்மேல் வேறொரு மருந்தைச் சேர்த்தால் நீலநிறம் தோன்றும். பாஸ்பேட் மிகுந்திருந்தால் நீலம் கருக்கும், குறைந்திருந்தால் வெளிறும். நிறத்தின் அடர்த்தியை ஒப்பிட்டு அளவைச் சொல்லிவிடலாம். இவ்வளவே முறை. எனினும் பிஸ்கே சுப்பாராவ் முறை என்னும் பெயரோடு பல தலைமுறை மாணவர்கள் அதனை ஆய்வுக் கூடங்களிற் பயின்று வந்துள்ளனர்.

இம்முறையைத் தசைச் சாற்றிற் கையாண்டபொழுது ஒரு விந்தை தோன்றிற்று. நீலம் உடனே முழுமை பெறாமல் சிறிது சிறிதாக ஏறிற்று. அவசரக்காரர் இதனை மருந்தின் குறை என்று தள்ளிவிடுவர். இவ்விருவரோ தாமதத்தின் காரணத்தை ஆராய்ந்தனர். தசையில் பாஸ்பேட் தனித்தில்லை. கிரியேட்டின் என்னும் பொருளோடு பிணைந்துளது. அமிலத்தில் அப்பிணைப்பு மெல்ல அறுபடுவதே தாமதத்திற்குக் காரணம் என்று கண்டனர். இங்ஙனம் 1927இல் பாஸ்போகிரியேட்டின் வெளிப்பட்டது. தசையின் இயக்கத்திற்கு லாக்டிக் அமிலமே மூலம் என்னும் கொள்கை அன்று கோலோச்சியது. அத்துறையில் ஆராய்ந்த ஹில், மேயர்ஹாப் இருவரும் 1922ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசைப் பெற்றிருந்தனர். பாஸ்போகிரியேட்டின் அக்கொள்கையின் அடித்தளத்தை அசைத்தது.

1929ஆம் ஆண்டில் இவ்விருவரும், தசையிலும் ஈரலிலும் உள்ள பாஸ்பரஸ் சேர்க்கைகளைப் பற்றி எழுதினர். அதில் அடினோசீன் டிரைபாஸ்பேட் என்னும் பொருளை விளக்கினர். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பாரும் தனித்து ஆராய்ந்து இதனைக் கண்டனர். ஏ.டி.பி. என்று சுருக்கி வழங்கும் இப்பொருளே உயிரின் நாணயம் என்பர். அதில் மூன்று பாஸ்பேட் அலகுகள் கோத்துள்ளன. உடலில் ஒரு வேலை நடைபெற வேண்டுமாயின், அவற்றுள் ஒன்று கழன்று செலவாகின்றது; பின்னர் உணவின் ஆற்றலால் அஃது மீளவும் கோக்கப்படுகின்றது. நாடி துடிப்பதும், நா அசைவதும், இவ்வரியைப் படிக்கக் கண் இயங்குவதும் அந்நாணயச் செலவினாலேயே.

இத்தகைய பணி புரிந்தும் ஹார்வர்டில் அவர்க்கு நிலையான பதவி கிட்டவில்லை. 1930இல் டாக்டர் பட்டம் பெற்றவர், அதன்பின் பத்தாண்டு அங்கே சிறு பதவியிலே உழைத்தார். பிற்காலத்தில் நோபெல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் அவ்விடத்திலே பயின்றவர். சுப்பாராவ் பிரித்தெடுத்த பொருள்கள் சிலவற்றைப் பிறர் பல ஆண்டுகட்குப் பின் மீண்டும் கண்டுபிடிக்க நேர்ந்தது என்றும், பிஸ்கே அவற்றை வெளிவர விடாமையே அதற்குக் காரணம் என்றும் அவர் சான்று பகர்ந்துள்ளார்.

பிற்கால வாழ்வு

1940ஆம் ஆண்டில் சுப்பாராவ் லெடர்லி ஆய்வுக் கூடத்திற் சேர்ந்தார். சில ஆண்டுகளில் ஆராய்ச்சித் தலைவரானார். தம் சகோதரரை விழுங்கிய நோயை அவர் மறந்திலர். ஸ்ப்ரூ நோய்க்கும் குருதிக் குறைவிற்கும் மருந்தாகும் போலிக் அமிலத்தை அவர் குழுவினர் 1945இல் செயற்கையாக இயற்றினர். அதனோடு உருவில் ஒத்து வினையில் மாறுபட்ட அமினோப்டெரின் என்னும் பொருளும் அங்கே பிறந்தது. அதனைக் கொண்டு பாஸ்டனில் சிட்னி பார்பர் என்னும் மருத்துவர், குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகட்குச் சிறிது காலமேனும் நோய் தணியச் செய்தார். அச்செய்தி 1948இல் வெளிவந்தது. யானைக்கால் நோயின் கிருமிகளை அழிக்கும் ஹெட்ரசான் மருந்தும் அக்கூடத்தின் ஆக்கமே; சென்னைவாசிகட்கு அந்நோயின் கொடுமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பெஞ்சமின் டுக்கர் மண்ணிற் கண்டெடுத்த ஆரியோமைசின் மருந்தும் சுப்பாராவின் தலைமையிலேயே வெளிப்போந்தது.

அவர் புகழை நாடவில்லை. பத்திரிகையாளரைத் தவிர்த்தார், புகழ் வரும் இடங்களில் தம் துணைவரை முன்னிறுத்தினார். அமெரிக்கக் குடியுரிமை பெறச் சட்டம் இடந்தந்த பின்னரும் அதனைப் பெற்றிலர். 1948ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஓரிரவு உறங்கியவர் எழுந்திலர். இதயநோய் அவர் உயிரைக் கவர்ந்தது. வயது ஐம்பத்து மூன்று. தாய்நாடு விடுதலை பெற்று அப்பொழுது ஓராண்டு நிறையவில்லை.

பழச்சர்க்கரையின் செலவு

இனி, அவர் மறைந்தபின் எழுந்த பழச்சர்க்கரை வழக்கிற்கு வருவோம். அவர் இவ்வழக்கில் எக்கட்சியையும் சார்ந்தவரல்லர். ஆயினும் அவர் கண்ட நாணயமின்றி இதனை விளங்கிக்கொள்ள இயலாது.

நாம் சீனி என்று வழங்குவது குளூக்கோசும் பிரக்டோசும் சரிபாதியாகப் பிணைந்த பொருள். கருப்பட்டியிலும் வெல்லத்திலும் பெரும்பகுதி அதே பொருள்தான். தேனில் இவ்விரண்டும் பிணையாமல் தனித்துள்ளன. நூறு பங்கில் பிரக்டோஸ் ஏறக்குறைய 38 பங்கு, குளூக்கோஸ் ஏறக்குறைய 31 பங்கு. ஆகவே எப்பெயரால் இனிப்பை உண்டாலும் இவ்விரு சகோதரரையே உண்கின்றோம்.

இருவரும் உடலினுள் ஒரே வழியிற் செல்வதில்லை. குளூக்கோஸ் உடலின் எல்லா உறுப்புகட்கும் உணவாகும். ஈரலுக்குள் அதன் வழியில் ஒரு காவலன் உளன். நாணயம் போதிய அளவு இருக்குமாயின் காவலன் வழியை அடைப்பான். பிரக்டோசோ பெரும்பாலும் ஈரலையே நாடிச் செல்லும். அக்காவலனுக்கு அப்பால் புகும் பக்கவழியும் அதற்கு உண்டு. புகுந்தவுடன் ஒவ்வோர் அணுத்திரளும் ஒரு ஏ.டி.பி. நாணயத்தைச் செலவிட்டு ஒரு பாஸ்பேட்டைத் தன்னோடு பிணைத்துக்கொள்கின்றது. இச்செலவைத் தடுக்கும் கட்டுப்பாடு அவ்விடத்தில் இல்லை. பெருந்தொகையான பிரக்டோஸ் ஒருங்கே வருமாயின், ஈரலின் நாணயம் விரைந்து குறையும், பாஸ்பேட்டும் சிறைப்படும். செலவான நாணயத்தின் சிதைவு யூரிக் அமிலமாக மாறி இரத்தத்திற் கலக்கும். அவ்வமிலம் மிகுவதே கௌட் என்னும் மூட்டு நோய்க்கு அடிப்படை.

இஃது வெறுங் கற்பனையன்று. 1967ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டைச் சேர்ந்த பெர்ஹெண்டுபா, ரைவியோ என்னும் இருவர், பிரக்டோஸ் கொடுக்கப்பெற்ற குழந்தைகளின் இரத்தத்தில் யூரிக் அமிலம் உயர்தலைக் கண்டு எழுதினர். மறு ஆண்டில், எலிகளின் ஈரலில் ஏ.டி.பி. குறைதலும் அந்நாட்டு ஆராய்ச்சியாளரால் அளக்கப்பட்டது. அக்காலத்து மருத்துவமனைகள் சிலவற்றில், உண்ண இயலா நோயாளிகட்குப் பிரக்டோஸ் நீரை நரம்பு வழியே செலுத்தி வந்தனர். அதனால் நேரும் ஆபத்தை 1972இல் வுட்ஸ், ஆல்பர்ட்டி என்னும் மருத்துவர் எடுத்துரைத்தனர். பிறவியிலேயே ஒரு நொதி குறைந்தமையால் பிரக்டோஸை அறவே தாங்க மாட்டாத மக்களும் மிகச் சிலர் உளர். பழமும் சீனியும் அவர்க்கு ஈரலைக் கெடுக்கும். அந்நோய் 1956இல் முதன்முதல் விவரிக்கப்பட்டது.

இரு கட்சிகள்

இவற்றைக் கொண்டு ஒரு கட்சியினர் பிரக்டோஸை உடலின் பகை என்றனர். இலண்டன் பேராசிரியர் ஜான் யுட்கின், இதய நோய்க்குச் சீனியே பெருங்காரணம் என 1972இல் நூல் எழுதினார். கொழுப்பே காரணம் என்ற அமெரிக்கர் ஆன்சல் கீஸ் அவரைக் கடுமையாக மறுத்தார். யுட்கினின் நூல் சில காலம் மறக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டில் கலிபோர்னிய மருத்துவர் ராபர்ட் லஸ்டிக் நிகழ்த்திய விரிவுரை வாதத்தை மீண்டும் எழுப்பிற்று. சீனியின் தீமைக்கு அதிலுள்ள பிரக்டோஸ் பாதியே வேர் என்றும், ஈரலுக்கு அது மதுவைப் போன்றதென்றும் அவர் வாதித்தார்.

மறு கட்சியினர் சொல்வதும் தள்ளத்தக்கதன்று. எலிகட்கும் நரம்பு வழியே பெற்ற நோயாளிகட்கும் நேர்ந்தது, அளவோடு உண்பவர்க்கும் நேரும் என்று கூறலாமா? 2012இல் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் பல சோதனைகளை ஒருங்கு திரட்டி ஆராய்ந்தனர். பிற மாவுப் பொருளை நீக்கி, அதே ஆற்றலுடைய பிரக்டோஸை வைத்தபொழுது உடல் எடை மிகவில்லை. உணவுக்கு மேலதிகமாகப் பிரக்டோஸைச் சேர்த்தபொழுதே எடை மிகுந்தது என்பது அவர் கண்டது. ஆனால் எடை ஒன்றே நலத்தின் அளவுகோலன்று. 2009இல் கலிபோர்னியாவில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றில், உணவின் ஆற்றலில் நூற்றுக்கு 25 பங்கைப் பத்து வாரம் இனிப்புப் பானமாகப் பருகச் செய்தனர். குளூக்கோஸ் பருகினாரும் பிரக்டோஸ் பருகினாரும் ஏறக்குறைய ஒரே அளவு பருத்தனர். ஆயின் வயிற்றின் உட்பகுதியிற் கொழுப்பு மிகுந்தது பிரக்டோஸ் பருகினாரிடத்திலேயே.

எனின் உண்மை யாண்டுளது? எவ்வளவு, எவ்வளவு விரைவில் என்னும் இரு வினாக்களில் உளது என்பது என் சிற்றறிவிற்குத் தோன்றுவது. 2018இல் எலிகளிடம் செய்த ஆராய்ச்சி ஒன்று இதற்குத் துணை நிற்கின்றது. சிறிதளவு பிரக்டோஸ் புகுந்தால் சிறுகுடலே பெரும்பகுதியையும் மாற்றிவிடுகின்றது. அளவு மிகும்பொழுதே எஞ்சியது ஈரலுக்கு வழிந்தோடுகின்றது. முழுப்பழத்தை மென்று தின்பவர்க்கு நார்ப்பொருளும் நீரும் சேர்ந்து வருகின்றன. வயிறும் விரைவில் நிறைகின்றது. நான்கு பழத்தைப் பிழிந்து வடிகட்டி ஒரே மூச்சிற் பருகுபவர்க்கு அத்தடை ஒன்றும் இல்லை.

இதனாலேயே உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் விதித்த வரையறை முழுப்பழத்தைச் சேர்த்து எண்ணவில்லை. சீனி, தேன், பாகு, பழச்சாறு ஆகியவற்றின் இனிப்பையே எண்ணிற்று. அது நாளைய ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைய வேண்டும். இருபதில் ஒரு பங்குக்குக் குறைப்பின் இன்னும் நன்று. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவர்க்கு முன்னது 50 கிராம். பின்னது 25 கிராம், ஏறக்குறைய ஆறு சிறுகரண்டி.

மாமனின் டப்பாவிற்கும் விடை கிடைத்தது. பிரக்டோஸ் இரத்தச் சர்க்கரையை விரைந்து உயர்த்துவதில்லை என்பது மெய்யே. அதனாலேயே நீரிழிவுக்காரர்க்கு அது நெடுநாள் பரிந்துரைக்கப்பட்டது. ஆயின் இரத்தத்தின் கொழுப்பு மிகலாம் என்னும் அச்சத்தால், அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2002இல் அதனை இனிப்பூட்டியாகச் சேர்த்தல் தகாது என்றது. பழங்களில் இயல்பாயுள்ள பிரக்டோஸை விலக்கக் காரணமில்லை என்றும் அதே சங்கம் கூறிற்று.

முடிவுரை

தீபாவளிப் பலகாரமும் கிறிஸ்துமஸ் பலகாரமும் வீட்டுக்கு வீடு மாறிச் செல்லும் ஊர் இது. 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, இந்நாட்டில் நீரிழிவுடையோர் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர் என மதிப்பிட்டது. ஆதலின் என் பாட்டியாரின் வழக்கு ஒரு வீட்டின் வழக்கன்று.

சென்ற மாதம் விடுமுறை நாளொன்றில் வீட்டில் என் தீர்ப்பைச் சொன்னேன். மூவரும் ஓரளவு தோற்றனர், ஓரளவு வென்றனர். கருப்பட்டியும் தேனும் பெயரால் வேறு, பொருளால் சீனிக்கு உறவு என்று பாட்டியாரிடம் கூறினேன். டப்பாவை மூடி வைக்குமாறு மாமனை வேண்டினேன். பழத்தை நஞ்சென்று ஒதுக்க வேண்டுவதில்லை, மருத்துவர் சொல்லும் அளவில் மென்று உண்ணலாம் என்று அத்தைக்கு உரைத்தேன். பாட்டியார் சிறிது நேரம் பேசவில்லை. பல்லாண்டு விரதம் பிழையான இடத்தில் காக்கப்பட்டது என்று அறிவது எளிதன்று. பின்னர், தேன் புட்டியை எடுத்துத் தாமே அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்கள். கொய்யாப்பழம் ஒன்றை நறுக்கிப் பாதியைத் தாம் எடுத்துக்கொண்டு, மற்றப் பாதியை எனக்குத் தந்தார்கள்.

சுப்பாராவிற்கு நோபெல் பரிசு கிட்டவில்லை. பூஞ்சை இனம் ஒன்றிற்கு 1953இல் அவர் பெயரால் சுப்பாரோமைசிஸ் என்று பெயர் சூட்டினர். பிறந்து நூறாண்டு நிறைந்த 1995இல் இந்திய அரசாங்கம் அவர் உருவப்பட அஞ்சல் தலையை வெளியிட்டது. ஆயின் உலகில் எங்கேனும் ஓர் ஆய்வுக் கூடத்தில் ஈரலின் நாணயத்தை எண்ணுமிடத்து, அவர் உழைப்பும் உடனிருக்கின்றது.

நண்பர்களே, இவ்வாண்டு பரீட்சையில் தவறியவர் நம்மிடையே சிலர் இருக்கலாம். நீலம் ஏன் தாமதித்துத் தோன்றுகின்றது என்று வினவி நின்ற அம்மனிதரும் தாமதித்தே தோன்றியவர். திருவல்லிக்கேணிப் பெரிய தெரு வழியே செல்லும்பொழுது அப்பள்ளியின் வாயிலிற் கணநேரம் நின்று அவரை நினைந்து செல்லுங்கள்.